சாக்கிட் என்ற சொல்

ஜனவரி 9

ஆய்வுத் தலைப்பு கிடைத்துவிட்டது. நான் கேட்டது இரத்தசோகை. பேராசிரியர் அஸ்ஹார் கொடுத்தது தாம்பத்தியம்.

ஈப்போவில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து முடித்த பெண்கள். உயிர் பிழைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கணவனோடு எப்படி இருக்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறதாம். அதை மலாய்க்கு மாற்றி, மாற்றிய தாளும் சரியாகத்தான் அளக்கிறது என்று நான் நிரூபிக்க வேண்டும். நம் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் மலாய் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள்.

"ஏன் நான், ப்ரோஃப்? மலாய்க்கார டாக்டர்கள் மூன்று பேர் இருக்கிறார்களே."

"மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள்."

குறைந்தபட்சம் உள்ளதைச் சொன்னார்.

என் ஆபரேஷனால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டேன். இந்த டிசம்பருக்குள் ஒப்படைக்காவிட்டால் முதுகலைப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். நாற்பத்து நான்கு வயதில் மறுபடி விண்ணப்பிக்க எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

வரும் வழியில் பசாரில் கீரையும் தவுஃபூவும். மகள் ஷர்மிக்குப் பள்ளிக் காலணி அவள் அளவில் எங்கும் இல்லை. பதினான்கு வயதில் என்னைவிடப் பெரிய கால்.

ஜனவரி 21

மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "ஆசை" என்பதற்கு மலாயில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. "நஃப்சு" என்றால் அடக்க வேண்டிய ஒன்றுபோல, பாவம்போல ஒலிக்கிறது. இன்னொரு சொல் வெறும் விருப்பம். டுரியான் சாப்பிட விரும்பினாலும் அதே சொல்தான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். கிளினிக்கில் எல்லாரையும் கேட்டேன். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

தமிழில் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். நேரம்தான் போனது.

பெப்ரவரி 5

விதிப்படி என் மலாய்த் தாளை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவர் மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். பினாங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பியிருந்தேன். இன்று வந்தது. வேறு வழியில்லாமல் "நஃப்சு" போட்டிருந்த என் மூன்றாவது கேள்வி இப்படித் திரும்பியிருக்கிறது: "கடந்த நான்கு வாரங்களில் உங்களுக்குக் காமவெறி எத்தனை முறை ஏற்பட்டது?"

பாவம், மனிதர் கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: "இது உண்மையிலேயே மருத்துவமனைக்குத்தானா?"

பெப்ரவரி 14

நெறிமுறைக் குழு. ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் கேட்டார்: "இதையெல்லாம் கேட்டால் பெண்கள் மனம் புண்படாதா?"

"இதுவரை யாரும் கேட்டதில்லை, டத்தோ. அதனால் தெரியாது" என்றேன். பேராசிரியர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அனுமதி கொடுத்தார்கள். ஆனால் கணவனோடு வாழ்கிறவர்களை மட்டும் கேட்கலாமாம். விதவைகளும் விவாகரத்தானவர்களும் கூடாது.

என் கணவர் கருணா ரோஜா வாங்கி வந்திருந்தார். சனிக்கிழமை ஆன்கால் பணியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சக டாக்டர் சித்தி ஹவாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம். போன மாதமும் நான்தான் எடுத்தேன்.

பெப்ரவரி 26

நோன்பு மாதம் தொடங்கப் போகிறது. பேட்டிகளை உடனே ஆரம்பிக்கலாமா என்று காக் நொராய்னியைக் கேட்டேன். எங்கள் கிளினிக்கின் மூத்த தாதி, எல்லாருக்கும் காக், அதாவது அக்கா. இந்த ஆய்வில் எனக்கு இருக்கும் ஒரே துணை. பேட்டிகளில் கூட உட்காரச் சம்மதித்த ஒரே ஆளும் அவர்தான்.

"நோன்பு வச்சிருக்கற பொம்பளைகிட்டப் போயி இதையா கேப்பீங்க, டாக்டர்?" என்றார்.

ஒரு மாதம் போச்சு.

மார்ச் 4

தாளை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆய்வில் எழுத வேண்டுமாம். மதிய இடைவேளையில் நானே நிரப்பிப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். ஐந்து என்றால் மிக நன்று. எல்லாவற்றிலும் நான்கை வட்டமிட்டேன். நேரம் பார்க்கத்தானே. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கருணாவின் இருமல் நின்றுவிட்டது. இருந்தாலும் முன்னறையிலேயே படுத்துக்கொள்கிறார். அங்கே காற்று நன்றாக வருகிறதாம். வரட்டும்.

ஏப்ரல் 10

நோன்புப் பெருநாள் முடிந்து முதல் பேட்டிகள். பத்துப் பெண்களிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்கவேண்டும்.

தாம்பத்திய உறவுக்கு நான் போட்டிருந்த சொல் "பெர்சாமா". சேர்ந்து இருப்பது என்று பொருள். நாகரிகமான சொல், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். சித்தியவானிலிருந்து வந்திருந்த வயதான மக்சிக் ஒருவர், கடந்த நான்கு வாரத்தில் எத்தனை முறை என்பதற்குத் "தினமும்" என்று போட்டிருந்தார்.

"தினமுமா, மக்சிக்?" என்றேன். அறுபத்தொரு வயது.

"ஆமா. அவருதான் வேலைய விட்டு நின்னுட்டாரே. பொழுது விடிஞ்சா பொழுது போனா வீட்லயேதான். எனக்கு மூச்சு முட்டுது, டாக்டர்."

காக் நொராய்னி தாளால் முகத்தை மூடிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. மறுபடியும் ஒரு வாரம் வேலை.

ஏப்ரல் 17

விவாகரத்தான ஒரு பெண், முப்பத்தெட்டு வயது, முகப்பில் வந்து கேட்டாள்: "எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்தீங்களே, எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

குழு அனுமதிக்கவில்லை என்று நான் சொன்னதை அவள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

மே 6

திருத்திய தாளோடு பெரிய ஆய்வு ஆரம்பம். நூற்றைம்பது பெண்கள் வேண்டும். இன்று நான்கு பேர். ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார், தண்ணீர் குடிக்க என்று.

நான்காவது ஆள்தான் ஆறுதல். புவான் சல்மா, கோலக் கங்சார் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட கேன்டீன் நடத்துகிறார். நாற்பத்தேழு வயது. கதிர்வீச்சு முடிந்து ஒன்றரை ஆண்டு. எனக்கும் காக் நொராய்னிக்கும் ஒரு டப்பா நிறையக் கரிபாப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். கணவர் ஹாஷிம், லாரி ஓட்டுகிறவர், பெரிய மீசை. மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்துவந்தார். சல்மா தாளை மடமடவென்று நிரப்பிக் கொடுத்தார். ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து. வலி பற்றிய கேள்விகளில் அறவே இல்லை.

"பாத்தீங்களா, நல்லா இருக்கறவங்களும் இருக்காங்க" என்றேன் காக் நொராய்னியிடம்.

சாயங்காலம் இருவரும் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தேன். சல்மா அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை. வெயில்.

மே 29

துவைப்பு இயந்திரம் பழுது. ஷர்மிக்குக் கணக்கில் சி. நான் கத்தினேன். கருணா, "அவளை ஏன் கத்துற, யோகேஸ்? உனக்கு யார்மேல கோபம்?" என்றார்.

துணிகளை எடுத்துப்போய்க் கையால் துவைத்தேன்.

ஜூலை 2

நூற்றைம்பது முடிந்தது. எண்களை இன்று கணினியில் போட்டோம். ஒரே மாதிரியான கேள்விகளுக்கு ஒருவர் ஒரே மாதிரி பதில் சொல்கிறாரா என்று பார்க்க ஓர் எண் உண்டு, ஆல்ஃபா. ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. நமக்கு 0.93.

பேராசிரியர் அஸ்ஹார் எழுந்து நின்று கைகொடுத்தார். பினாங்கு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கத்தை இன்றே அனுப்பினார். இன்னொரு செய்தியும் சொன்னார். வரும் ஜனவரியில் இந்தப் பெண்களுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு திறக்கப் போகிறார்களாம். யாரை அனுப்புவது என்பதை இந்தத் தாளின் மதிப்பெண்ணை வைத்தே முடிவு செய்வார்களாம். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும் இடம்.

"பாருங்கள், டாக்டர் யோகேஸ்வரி. உங்கள் வேலை வீண்போகவில்லை."

மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எனக்கும் காக் நொராய்னிக்கும் நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 15

இதை வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

புவான் சல்மாவுக்கு இன்று வழக்கமான பரிசோதனை. நான்தான் பார்த்தேன். படுக்கையில் படுக்கும் வரை கேன்டீன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கருவியை எடுத்ததும் பேச்சு நின்றது. சிறிய அளவை எடுத்தேன். போகவில்லை. இருப்பதிலேயே சிறியதை எடுத்தேன். அவர் காக் நொராய்னியின் கையைப் பிடித்துக்கொண்டார், சத்தமே வரவில்லை, கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நிறுத்திவிட்டேன். உள்ளே கதிர்வீச்சின் தழும்பு ஒட்டிக்கொண்டு பாதை ஏறக்குறைய மூடிவிட்டது. இது ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் நடந்தது இல்லை.

அவர் உடை மாற்றி வந்த பிறகு மே மாதத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"காக் சல்மா, சேர்ந்து இருக்கும்போது சாக்கிட் இல்லவே இல்லைன்னு போட்டிருக்கீங்களே."

"இல்லையே, டாக்டர். போன வருஷமே எல்லாம் சுத்தமாயிடுச்சுன்னு பெரிய டாக்டர் சொன்னாரே. சாக்கிட்லாம் போயிடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்."

மலாயில் வலிக்கும் சாக்கிட்தான், நோய்க்கும் சாக்கிட்தான். நான் வலியைக் கேட்டேன். அவர் புற்றுநோயைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தெரியாதா என்ன? பள்ளியிலிருந்து மலாய் பேசுகிறேன். தினமும் முப்பது பேரிடம் அதே சொல்லைச் சொல்லித்தான் விசாரிக்கிறேன்.

"சரி. புவாஸ், திருப்தியா இருக்கீங்களான்னு கேட்டதுக்கு ஐந்து?"

"அவரு ஒரு குறையும் சொல்றதில்லையே. என்னை விட்டுட்டுப் போகல. அப்பப் புவாஸ்தானே?"

"அவர் இல்ல, காக். நீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கேள்வி புரியாதவர் பார்ப்பதுபோல.

"கடைசியா எப்போ, காக்?"

"வைத்தியம் முடிஞ்சு வந்ததும் ஒரு தடவை. நான் கத்திட்டேன். அப்புறம் அவரு கிட்ட வரல." அடுப்பில் வைத்த பால் தீய்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "நல்ல மனுஷன், டாக்டர். கேக்கவே மாட்டாரு" என்றார்.

தாளில் அவருடைய மதிப்பெண் நூற்றைம்பது பேரில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று.

ஜூலை 16

கருணா கேட்டார், ஏன் சாப்பிடவில்லை என்று. பெயர் சொல்லாமல் சொன்னேன். ஒரு பெண், இவ்வளவு வலியோடு, இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

"அவளும் சொல்லலையா?" என்றார்.

"கேட்டாதானே சொல்லுவா."

அவர் தன் தட்டை நகர்த்தி வைத்தார். "கேட்டா கோவிச்சுக்குவாளோன்னு இருந்திருக்கும்லா" என்றார்.

துணி மடிக்க வேண்டியிருந்தது, எழுந்துவிட்டேன்.

ஜூலை 24

வலி இல்லை என்று போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி கேட்டுவிட்டோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் நோய் என்று நினைத்தே பதில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டதால்தான் எண்கள் அவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தன. 0.93. நாசி கண்டார்.

ஜூலை 28

பேராசிரியரோடு சண்டை. இதைச் சண்டை என்று அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒவ்வோர் ஆய்விலும் குறை உண்டு. கடைசிப் பகுதியில் ஒரு பத்தி எழுதுங்கள். 'வலி பற்றிய கேள்விகளில் சொற்குழப்பம் இருக்கலாம்.' போதும்."

"ஜனவரியில் இதை வைத்துத்தான் ஆள் எடுக்கப் போகிறார்கள், ப்ரோஃப். சல்மா போன்றவர்கள் பெயரே வராது. அந்தப் பிரிவு யாருக்காகத் திறக்கிறதோ அவர்களையே இந்தத் தாள் வெளியே நிறுத்திவிடும்."

"அது நிர்வாகத்தின் பிரச்சினை. உங்கள் பிரச்சினை டிசம்பர். மறுபடி சொல் மாற்றி, மறுபடி பத்துப் பேர், மறுபடி நூற்றைம்பது பேர். முடியுமா? மாநாட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் அச்சாகிவிட்டது. ஆபரேஷனுக்காக ஏற்கெனவே ஒருமுறை உங்களுக்காகக் கேட்டுவிட்டேன். இரண்டாவது முறை எந்த முகத்தோடு கேட்பேன்?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல்.

"நாளை சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு ஷர்மியை டியூஷனிலிருந்து கூட்டிவந்தேன்.

ஜூலை 29

சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மாநாட்டுக்கு எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகே பேராசிரியரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். ஓங்கி இல்லை, மெதுவாக. அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 11

புது மலாய்ச் சொல் வேட்டை. பெண்களிடமே கேட்டோம்: உள்ளே எப்படி இருக்கும்? அரிசி மாவு சலிப்பதுபோல வார்த்தைகள் வந்து விழுந்தன. எரிச்சல், கிழிசல், உப்பு பட்டதுபோல. "பெடிஹ்" என்ற சொல்லைப் பலரும் சொன்னார்கள். காயத்தில் எலுமிச்சை பட்டால் வரும் அந்த வேதனைக்கு அவர்கள் சொல்வது. அதை யாரும் நோய் என்று நினைக்க முடியாது. புவாஸ் வரும் இடத்திலெல்லாம் "உங்கள் கணவர் அல்ல, நீங்கள்" என்று சேர்த்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 20

சல்மாவுக்குச் சிகிச்சை ஆரம்பித்துவிட்டோம். புதுப் பிரிவுக்குக் காத்திருக்கவில்லை, இருப்பதை வைத்துத்தான். களிம்பு, படிப்படியாகப் பாதையை விரிக்கும் கருவிகள், பொறுமை. சல்மா கருவிகளை வாங்கி, கேன்டீனுக்குப் புதுக் கரண்டி வாங்குகிறவரைப்போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

அவர் மருந்து வாங்கப் போனபோது ஹாஷிம் உள்ளே வந்தார். கைப்பை தோளில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். நான் கிட்டப் போனா அந்த நோய் திரும்ப வந்திடுமா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. என்னாலதான் வந்துச்சோன்னு நானா நினைச்சேன். அன்னிக்கு அவ கத்தினா. நோய் உள்ளதான் இருக்குன்னு பயந்துட்டேன். அப்புறம் போகல." மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் வேணாம், நல்லாத்தான் இருக்கேன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இல்லாட்டி அவ வருத்தப்படுவா."

திரும்ப வராது என்றேன். அந்த நோய் வந்ததற்கு அவரைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டியதில்லை என்றேன். சல்மா வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, ஹாஷிமை அதே கேள்வியை மனைவி முன்னால் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார். சல்மா அவர் தோளிலிருந்து பையை வாங்கினார். அதே பையால் அவர் கையில் ஓர் அடி அடித்தார்.

"ரெண்டு வருஷமா இதையா மனசுல வச்சிருந்தீங்க? நான் என்னன்னமோ நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

அதற்குப் பிறகு இருவரும் அழுதார்கள். நான் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது கருணா தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "என்னா இவ்வளவு சீக்கிரம்?" என்றார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மல்லிச் செடியில் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொன்னேன்.

செப்டம்பர் 18

பேராசிரியர் அஸ்ஹார் பல்கலைக்கழகத்தில் எனக்காக மறுபடியும் கேட்டிருக்கிறார். ஒரு பருவம் நீட்டிப்பு. இனிமேல் கிடையாதாம். என்னிடம் நேரில் சொல்லவில்லை, காக் நொராய்னியிடம் சொல்லி அனுப்பினார். மாநாட்டில் என் இடத்தில் அவருடைய வேறொரு மாணவர் பேசுகிறார்.

நன்றி சொல்லப் போனேன். "நன்றி வேண்டாம். ஆட்களைச் சேர்த்து முடியுங்கள்" என்று கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

நெறிமுறைக் குழுவுக்கும் மறுபடி எழுதியிருக்கிறேன், கணவன் இல்லாதவர்களையும் சேர்க்க வேண்டும் என்று. இன்னும் பதில் இல்லை.

அக்டோபர் 30

புதிய தாளில் தொண்ணூறு பேர் முடிந்தது. ஆல்ஃபா 0.81. முன்பைவிடக் குறைவுதான். வலிக் கேள்விகளில் ஐந்து, அதாவது வலியே இல்லை என்று, போடுகிறவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஒன்றும் இரண்டுமாக வருகின்றன. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சில பெண்கள் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள், நாங்கள் படித்துவிட்டு ஏதாவது சொல்வோம் என்று. நாங்கள் இரண்டே பேர். அறை ஒன்றே ஒன்று. இத்தனை பேருக்கு என்ன செய்யப் போகிறோம்?

பேராசிரியர் எண்களைப் பார்த்தார். "இவ்வளவு பேரா?" என்றார். பிரிவில் இரட்டிப்பு இடம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதப்போவதாகச் சாயங்காலம் குறுஞ்செய்தி அனுப்பினார்.

நவம்பர் 12

இன்று நான் நோயாளி. ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆண்டுப் பரிசோதனை. கருப்பையும் சினைப்பைகளும் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வேறொரு மருத்துவமனையில்தான் பார்க்கிறேன். எங்கள் இடத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

கருணா விடுப்புப் போட்டுக் கூட்டிவந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

டாக்டர் சிவரஞ்சனி என்னைவிடப் பத்து வயது இளையவள். நன்றாகப் படித்த, அவசரக்காரப் பெண். ஸ்கேனைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், இரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள்.

"எல்லாம் சுத்தமா இருக்குக்கா. உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. வேற ஏதாச்சும் பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் ஓகேதான்."

"அப்ப அடுத்த வருஷம் பாப்போம்."

பையை எடுத்துக்கொண்டேன். நன்றி சொன்னேன். கதவு வரை போய்விட்டேன், கைப்பிடியில் கையும் வைத்துவிட்டேன். அவள் அடுத்த நோயாளியின் பெயரைக் கணினியில் தேட ஆரம்பித்திருந்தாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வலிக்குதும்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "எங்க, அக்கா?"

சொன்னேன். தினமும் பெண்களிடம் மலாயில் கேட்கிற விஷயம். தமிழில் சொல்ல வார்த்தை வரவில்லை. பாதி ஆங்கிலத்தில், பாதி கையைக் காட்டிச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?"

"ஆபரேஷன்லேர்ந்து."

"போன வருஷமும் வந்தீங்களே. சொல்லலையே."

"சொல்லல."

மற்றவர்களுக்கு நான் வாரம் தவறாமல் எழுதிக் கொடுக்கும் அதே களிம்பை அவள் எனக்கு எழுதினாள். நான் வாங்கிக்கொண்டேன். மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"வெளியதான் உக்காந்திருக்கார்."

"கூப்பிடவா? இல்ல, வேணாமா?"

மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"கூப்பிடுங்க" என்றேன்.